வயிற்று வலி என்று சொன்னவர்கள்

கடல் தாண்டி வந்த கூலிகள் குடியிருந்த, தேக்காவை ஒட்டிய லயனில் அப்போது நான் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்தேன். வேலைக்குப் போகாதவர்களைக் காலையில் பார்த்து, காய்ச்சலா, காயமா, சோம்பலா என்று வெள்ளைக்கார டாக்டர் துரைக்குச் சொல்லவேண்டும். இந்த மூன்றையும் தவிர ஒரு மனிதனுக்கு வேறு எதுவும் வரக்கூடாது என்று எவரோ முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

கல்மலையில் பாறை உடைக்க வெடி வைக்கிற ஆட்கள் மட்டும் ஓயாமல் வயிற்று வலி என்று வந்தார்கள். அழுத்திப் பார்த்தால் வலி இராது. ஆனால் தெருவில் மாட்டுவண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்கினால் உடம்பு தூக்கிப்போடும். அவர்களில் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர். கூட வேலை செய்தவர் கண்ணெதிரே வெடியில் சிக்கிச் செத்ததிலிருந்து, கஞ்சிக் குவளையைக்கூட அவரால் சிந்தாமல் பிடிக்க முடியவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. வயிறா, மனசா?"

"வயிறுன்னே சொல்லிடுங்க ஐயா. மனசுன்னா பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டுருவாங்க."

அப்படிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

டாக்டர் துரையிடம் போய், வெடிக்காரர்களுக்கு மட்டுமே இப்படி ஆகிறது, வேலைதான் காரணம் என்றேன். காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சோம்பல்தான் என்று அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். எரிச்சலில் எனக்குத் தலையே வலித்தது.

ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணியைப் பிடித்து, அவரை வேறு வேலைக்கு மாற்றச் சொன்னேன்.

"பயம் எல்லாருக்கும்தான் இருக்கு, டிரெசரய்யா. வெடிச் சத்தம் கேட்டா எனக்கும் மூச்சு முட்டுது. ராத்திரி தூக்கம் வர்றதில்ல. நான் லீவு கேக்குறேனா?"

"எத்தனை நாளா இப்படி?"

கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஆள் கணக்கு நோட்டைப் புரட்டினார்.

"அந்த ஆளைக் குதிரைப் பந்தயத் திடலுக்குப் புல்லு வெட்ட அனுப்பிடுறேன். துரைகிட்ட என் சங்கதியைச் சொல்லிடாதீங்க."

புல் வெட்டப் போனவர் மெல்லத் தேறினார். சாப்பாடு இறங்கியது, மற்றவர்களோடு உட்கார்ந்து பேசவும் தொடங்கினார். அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அவர் இடத்துக்கு, கப்பலில் வந்து இறங்கியிருந்த புது ஆள் ஒருவரை அனுப்பினார்கள். மழைக்காலம் தொடங்குமுன்பே அவரும் என் முன்னால் வந்து நின்றார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவரை உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் கங்காணியைத் தேடிப் போனேன்.