கறுப்புக் கையுறைக்காரன் பேசிய தமிழ்

என்னிடம் இருக்கும் பழைய காமிக்ஸ் புத்தகங்களை நான் படிப்பதில்லை. படிக்கிறவன் சேகரிப்பாளன் இல்லை என்பது எங்கள் வாட்ஸ்அப் குழுவின் எழுதப்படாத கொள்கை. ஒவ்வொரு புத்தகத்தையும் தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றையும் கூடவே படுக்கவைத்து, வாயை ஒட்டி, பீரோவில் அடுக்கியிருந்தேன். பிணவறைக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம், பிணவறைக்குச் சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். திருவொற்றியூர்க் காற்றில் உப்பு உண்டு, கரி உண்டு, காற்று திசை மாறினால் பெயர் தெரியாத நாலைந்து வாசனைகளும் உண்டு. வீட்டு மனிதர்கள் அத்தனையையும் மூக்கால் இழுத்துக்கொண்டு இருமிக்கொண்டிருக்க, சாணித்தாளில் அச்சான காமிக்ஸுகள் மட்டும் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சுகமாக இருந்தன.

குழுவில் அட்டைப்படத்தைப் போட்டோ பிடித்து அனுப்புவோம். "பொக்கிஷம்!" என்பார் ஒருவர். "கண்கள் பனித்தன" என்பார் இன்னொருவர். உள்ளே கதையில் என்னதான் நடக்கிறது என்று எவனாவது விவரம் தெரியாமல் கேட்டுவிட்டால், குழுவில் உடனே அடுத்த அட்டைப்படம் வந்து விழும்.

கதையில் நடப்பது இதுதான். வெளிதேசத்துச் செய்தித்தாள்களில் நாளுக்கு மூன்று கட்டமாக வந்த சித்திரத் தொடர்கள் அவை. சாகசம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். யாரோ அவற்றை மொத்தமாக வாங்கி, தமிழ் பேசவைத்து, புத்தகமாகப் போட்டார்கள். பேப்பரில் வந்ததால் அவற்றுக்கு ஒரு வியாதி உண்டு. நேற்றைய பேப்பரில் மீன் மடித்தவனுக்கும் இன்று கதை புரிய வேண்டுமே! ஆகவே ஒவ்வொரு நாளின் முதல் கட்டமும் நேற்றைய கடைசிக் கட்டத்தையே திரும்பச் சொல்லும். புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது, "ஐயோ, நான் மூழ்குகிறேன்!" என்பான் கதாநாயகன். அடுத்த கட்டத்தில், "ஆம், நான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன்!" என்பான். சின்ன வயதில் நாங்கள் பொறுக்கமாட்டாமல் கத்துவோம்: "தெரிது நைனா, சீக்கிரம் முய்வு!"

நாங்கள் என்றால், காசிமேட்டில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். புத்தகம் ஒன்று வரும், தலைகள் நாலு முட்டும். ஒவ்வொருவனுக்கும் ஒரு வேஷம், சத்தமாக வாசிக்க வேண்டும். யார் காசில் புத்தகம் வந்ததோ அவனே கதாநாயகன், இதில் மேல்முறையீடு கிடையாது. எனக்கு எப்போதும் கட்டத்தின் மூலையில் இருக்கும் பெட்டி எழுத்து: "இதற்கிடையே…", "அதே சமயம், கடலடியில்…" கவிஞனாகப் போவது அன்றே தெரிந்துவிட்டது போலும், யாரும் கேட்காத வரிகளையே என் தலையில் கட்டினார்கள். புத்தகமே வாங்க வழியில்லாத ஒருவனுக்கு வில்லன். கடலடியில் கோட்டை கட்டி வாழும் கறுப்புக் கையுறைக்காரன். அவன் வாசிக்க ஆரம்பித்தால், காசு போட்ட கதாநாயகன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வான். "மூடனே! இந்த ஆழ்கடல் என் ஆணைக்குக் கட்டுப்பட்டது!" சந்தின் கடைசி வீட்டில் குழந்தை விழித்து அழும்.

அந்தத் தொண்டை பிறகு மீன்பிடித் துறைமுகத்தில் வேலைக்குப் போனது. லாஞ்சுகள் கொண்டுவந்து கொட்டும் மீனை ஏலம் விடுவது அவன் தொழிலாயிற்று. இஞ்சின் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், மீன்காரம்மாக்கள் போடும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே அவன் குரல் ஏறி நின்று விலை சொல்லும். நான் எண்ணூரில் கண்டெய்னர் யார்டில் கணக்கு எழுதிக்கொண்டு, மிச்ச நேரத்தில் கடலைப் பற்றிக் கவிதை எழுதினேன். அவன் கடலை விற்றான். யாருக்குக் கேட்பார் அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் ஒரு காலை, பல் விளக்கும்போது அவனுக்கு வாய் கோணியது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கை திரும்பியது, வாய் நேரானது, பேச்சு மட்டும் வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது, அது கண்ணில் தெரிகிறது. சொல் தொண்டைவரை வந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல் மாதிரி நின்றுவிடுகிறது. அவன் இடத்தில் தற்காலிகமாக அவனுடைய அக்கா மகன் ஏலம் விட்டான். லாஞ்சு ஓனர் நல்ல மனிதர், நல்ல மனிதர்களைப் போலவே கெடுவும் வைத்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் மறுபடி கடலுக்குப் போய்த் திரும்பும் அன்று இவன் வாய் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அக்கா மகனே நிரந்தரம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அட்டைகள் தந்தனுப்பினாள். ஆப்பிள், பந்து, பூனை. இவன் பூனையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அட்டையைத் தூக்கி வாசலில் எறிந்தான்.

அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். "ண்ணா, அவுரு மேல தப்பு இல்ல. வூட்டாண்ட நாலு பூன மீனு துன்னுகினு கீது. இதுல அட்டப் பூனயக் காட்டி இது இன்னான்னு கேட்டா, மனுசனுக்குக் கோவம் வருமா வராதா?"

அடுத்த முறை அவர்களோடு நானும் போனேன். பயிற்சிப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவருக்கு எது பிடிக்குமோ அதையே வாசிக்க வைங்க சார். ஆனா வீட்ல பேசற பேச்சையும் கூடவே கலந்து பழக்குங்க. புத்தகத் தமிழ் மட்டும் போதாது."

இரண்டு வாக்கியங்கள். நான் படித்தவன், ஆகவே முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்தேன்.

பீரோவைத் திறந்து கறுப்புக் கையுறைக்காரனின் உறையைக் கிழித்ததும் முதலில் புத்தகத்தின் முதுகைத்தான் தடவிப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. நண்பன் ஊமையாகிக் கிடக்கிறான், எனக்கோ அதில் மடிப்பு விழுமே என்று கவலை. குழுவில் சொன்னேன். "ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்களேன்" என்று ஒருவர் உருகினார். "ஜெராக்ஸ் வெளிச்சம் பட்டால் தாள் பழுத்துவிடும்" என்று இன்னொருவர் அவரை எச்சரித்தார். நண்பனின் உடல்நிலை பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அவனுக்குத்தான் உறை கிடையாதே.

சாயங்காலங்களில் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பெட்டி எழுத்தை நான் வாசிப்பேன், கதாநாயகனும் நானே, வில்லனின் கட்டம் வந்தால் நிறுத்திக் காத்திருப்பேன். அவன் உதடு அசையும். வராது. பரவாயில்லை, அடுத்த கட்டம் அதையேதான் திரும்பச் சொல்லப்போகிறது. நாங்கள் சின்ன வயதில் திட்டித் தீர்த்த அந்தப் பேப்பர் வியாதி இருக்கிறதே, நேற்றையதை இன்றும் சொல்லும் வியாதி, அதை இவனுக்கென்றே எவனோ வரைந்து வைத்தது மாதிரி இருந்தது. மூழ்குகிறேன் என்றால் மூழ்கிக்கொண்டிருக்கிறேன். தப்பமுடியாது என்றால் நீ தப்பவே முடியாது. பல வாரம் போராடிய பிறகு ஒரு நாள், கறுப்புக் கையுறை மேசையைக் குத்தும் கட்டத்தில், அவன் தொண்டை கிழிந்து வந்தது: "மூ… மூட… மூடனே!"

அவன் மனைவி அழுதாள். பக்கத்து வீடுகளில் கேசரி கொடுத்தாள். "இன்னா சொன்னாரு?" என்று கேட்டவர்களிடம், "மூடனேன்னாரு!" என்று பெருமையாகச் சொன்னாள். நானும் ஏதோ புதிய வைத்தியமுறையைக் கண்டுபிடித்தவன் மாதிரி தெருவில் நடந்தேன்.

அதற்குப் பிறகு சொற்கள் வேகமாக வந்தன. எல்லாம் கடலடிக் கோட்டையிலிருந்து வந்தன.

"ண்ணா, உங்க வைத்தியம் பேஜாராப் பூட்ச்சு" என்று ஒரு நாள் அவன் மனைவி என்னை வாசலிலேயே மறித்தாள். "தண்ணி வோணும்னா, 'நீர் கொண்டு வா, அடிமையே'ன்றாரு. சோறு போட்டா, 'இதில் நஞ்சு கலக்கவில்லையே'ன்றாரு. பக்கத்து வூட்டு ஆயா இவுருக்கு சாமி வந்துகீதுன்னு எலுமிச்சம்பயம் வாங்கியாந்து வச்சிட்டுப் பூட்ச்சு."

அக்கா மகன் ஒரு மாலை நலம் விசாரிக்க வந்தான். "மாமா, ஓனரு கேக்கறாரு. இன்னா சொல்லட்டும்?"

இவன் நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, தடங்கலே இல்லாமல் சொன்னான்: "உன் சதி பலிக்காது!"

அக்கா மகனுக்கு முகம் வெளுத்தது. புத்தகத்தில் அடுத்த வரி அதுதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஏலம் விடும் இடத்தில் நிற்பது அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது என்பதும் உண்மைதானே. டீயைக்கூட முடிக்காமல் போய்விட்டான்.

பயிற்சிப் பெண்ணிடம் போய்ச் சொன்னோம். அவள் முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் சொன்னேனே சார்" என்றாள். சொன்னாள்தான். வில்லன் பேசுவது மனப்பாடம், பாட்டு மாதிரி அப்படியே வந்துவிடுகிறது, தனக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் சொல்வது வேறு வேலை என்று விளக்கினாள். தடைக்காலம் பாதி தாண்டியிருந்தது.

அதே புத்தகத்தின் பின்பக்கங்களில் இடம் நிரப்பப் போட்ட சிரிப்புத் தொடர் ஒன்று உண்டு. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒழுகும் கூரை. புருஷன் சரிசெய்கிறேன் என்பான், செய்யமாட்டான். நாளுக்கு மூன்று கட்டம், பல வருஷம் பேப்பரில் ஒழுகியிருக்கிறது. சின்ன வயதில் நாங்கள் யாரும் அதைத் தொட்டதில்லை, கூரை ஒழுகுவதைப் பார்க்க எங்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. இப்போது பெண்டாட்டி வேஷத்தை அவன் மனைவி எடுத்துக்கொண்டாள்.

அச்சில் இருந்தது: "அன்பே, கூரை ஒழுகுகிறதே, எப்போது சரிசெய்வீர்கள்?"

அவள் வாசித்தாள்: "யோவ், கூர ஒயுவுது. கண்ணு தெர்ல உனுக்கு?"

"அப்படிப் போடலையேம்மா" என்றேன். மூலப்பிரதியின் தூய்மை எனக்கு முக்கியம்.

"புக்குல போட்டவன் வந்து இவுராண்ட குடும்பம் நட்த்துவானா? நீங்க சும்மா கீங்கண்ணா."

சும்மா இருந்தேன். எனக்கு அங்கே பெட்டி எழுத்துகூட இல்லை, சிரிப்புத் தொடரில் "இதற்கிடையே" எல்லாம் கிடையாது. புருஷனின் வரி, "நாளை நிச்சயம், கண்மணி." நண்பன் அச்சைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவள் இடுப்பில் கைவைத்து நின்ற நிற்பில் பல வருஷத்து நிஜக் கூரைகள் இருந்தன. "நா… நாள…" என்று இழுத்தான். பிறகு புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, "நாளிக்கிமா" என்றான்.

கையுறைக்காரனின் இடி முழக்கத்துக்குக் கேசரி கொடுத்தவள் இதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை. "இதயேதான் கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிகினு கீற" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். குரல் மட்டும் கொஞ்சம் பிசிறியது.

தடைக்காலம் முடிந்து முதல் லாஞ்சுகள் வந்த காலை நானும் துறைமுகத்துக்குப் போனேன். நல்ல மீனையெல்லாம் அக்கா மகன்தான் ஏலம் விட்டுக்கொண்டிருந்தான். ஓனர் ஓரமாகக் கிடந்த, காரப்பொடி என்னும் மலிவான பொடிமீன் கூறு ஒன்றைக் காட்டி, "இத்த நீ வுடு பாப்போம்" என்று இவனிடம் சொன்னார். கெட்டாலும் பெரிய நஷ்டம் வராத மீன். தர்மம் செய்கிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா?

இவன் முதல் விலையைச் சொன்னான். மெதுவாக, ஆனால் சொன்னான். மீன்காரம்மாக்கள் கேட்டார்கள், விலை ஏறியது. இன்னும் ஒரு தரம் ஏறியது. மூன்றாவது தடவை அவன் வாயிலிருந்து வந்தது முதலில் சொன்னதைவிடக் குறைவான விலை.

ஏலத்தில் ஏறினது இறங்காது. ஆனால் காசிமேட்டில் அதற்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. ஏலம் விடுகிறவன் வாயிலிருந்து வந்ததுதான் விலை. முன்வரிசையில் நின்ற ஒரு மீன்காரம்மா சட்டென்று குனிந்து கூறின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். "எனுக்கு! சொல்லிட்டாரு, எனுக்குத்தான்!"

"ஒடம்பு முடியாதவரு யக்கா, தெரியாம சொல்லிட்டாரு. வுட்ரு" என்றான் அக்கா மகன், ரொம்பக் கனிவாக.

"இன்னாத்துக்கு வுடணும்? ஏலம் வுட வந்தாரா, வேடிக்க பாக்க வந்தாரா? அவுரு வாய்லேர்ந்து வந்துச்சா இல்லியா?" அவள் ஏற்கெனவே கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

சுற்றி நின்றவர்கள் வந்துச்சு வந்துச்சு என்றார்கள். அதுவரை ஆஸ்பத்திரிக் குரலில் பேசிக்கொண்டிருந்த ஓனர் இவன் பக்கம் திரும்பி, பல மாதம் அடக்கிவைத்திருந்த சொந்தக் குரலில் கத்தினார்: "யோவ், அடி மாட்டு வெலைக்குத் தள்ட்டியே, மண்டைல இன்னாதான் வச்சிகீற?"

இப்போது மூடனே என்று ஆரம்பித்தான் என்றால் முடிந்தது. துறைமுகம் மொத்தமும் சிரிக்கும், அக்கா மகன் நிரந்தரமாவான், நான் வீட்டுக்குப் போய் மீதிப் புத்தகங்களை ஒட்டி வைக்க வேண்டியதுதான். இவன் வாய் திறந்தது. மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"போ… போய்யா" என்றான். "காரப்பொடிக்கு… இன்னா… இவ்ளோ கூவுற. அட்த்த… அட்த்த கூறக் கொட்டு."

ஓனர் இன்னும் இரண்டு வசவு சொன்னார், இரண்டும் அச்சில் ஏறாதவை. பிறகு, நல்ல விலை போகிற சங்கரா மீன் கூடையோடு அக்கா மகன் பக்கம் போய்க்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டு, "இங்க கொட்றா" என்று இவன் காலடியைக் காட்டினார்.

மீன் சரிந்து விழுந்தது. இவன் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் விலையைச் சொன்னான். அது ரொம்ப ஜாஸ்தி என்று மீன்காரம்மாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவனைத் திட்ட ஆரம்பித்தார்கள்.