உள்ளே ஆள் இல்லை

அருளப்பன் சார் காலமான செய்தியைத் தச்சர் சின்னையாதான் கொண்டுவந்தார். நான் படித்துக்கொண்டிருந்த நூலகத்தின் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமலே நின்றார். "ஆச்சி, சார் போயிட்டாருங்க. காலைல சவரம் பண்ணிக்கிட்டு இருந்தவரு அப்படியே நெஞ்சப் புடிச்சுட்டாராம்." "பெட்டி நான்தான் செய்யணும். அளவெடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

குளத்தூருக்கு அப்பால் பொட்டலில் இருந்த நம் தகரக் கொட்டகையில் வேலை பார்த்த நீங்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறீர்கள். உங்களுக்கு நினைவூட்டவும், அவரை அறியாதவர்களுக்குச் சொல்லவும் இதை எழுதுகிறேன்.

கணக்குப் போடும் வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள். முதல் நாள், ஒட்டுப்பலகையில் செய்த ஒரு சிறு விமானத்தின் முன்னால் கொட்டகைப் பொறுப்பாளர் அருளப்பன் சார் நின்றிருந்தார். விமானி உட்கார அதில் இடமே இல்லை. தரையிலிருந்து ரேடியோவால் ஓட்டுவது. "எப்படி சார் திரும்பி வந்து இறங்கும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "வராது ஆச்சி. வராம இருக்கத்தானே செய்றோம்." திருமயத்துப் பக்கம் வணிகக் குடும்பத்துப் பெண் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து, கல்யாணமாகாத என்னை அவர் அப்படித்தான் கூப்பிட்டார். நாளடைவில் கொட்டகை முழுக்க எனக்கு அதுவே பெயரானது.

போர் விமானங்களுக்கு முன்னால் இந்தப் பலகை விமானம் போக வேண்டும். எதிரியின் ரேடார் இதைப் பார்க்க வேண்டும், பீரங்கிகள் இதைச் சுட வேண்டும். சுட்டதும் அவை ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடும். இது இல்லாத காலத்தில் அந்த வேலைக்கு ஒரு மனிதன் போனான். பர்மா போரில் அப்படி முன்னால் போனவர் சாரின் அறைத் தோழர். சார் பின்னால் வந்த விமானத்தில் இருந்தார். "அவன் விழுந்த எடத்தப் பாத்துத்தான் பீரங்கி எங்க இருக்குன்னு நான் குறிச்சேன்" என்று ஒரே ஒருமுறை சொன்னார்.

கோப்புகளில் விமானத்துக்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. தமிழில் என்ன சொல்லலாம் என்று சார் கேட்டார். வேடர்கள் மற்ற விலங்குகளை வரவழைக்கப் பழக்கி வைத்திருக்கும் மானைப் 'பார்வை' என்று பழைய பாட்டுகளில் சொல்வதைப் படித்திருப்பதாகச் சொன்னேன். "இப்பவும் கவுதாரி புடிக்கிறவங்க கூண்டுல வச்சிருக்கறத அப்படித்தான் சொல்றாங்க" என்றார் பலகை அறுத்துக்கொண்டிருந்த சின்னையா. சார் நிமிர்ந்து பார்த்தார். "பாக்குறதுக்கும் அதான் பேரு, பாக்க வைக்கிறதுக்கும் அதான் பேரா! நம்ம ஆளுங்க கெட்டிக்காரங்கய்யா." அன்றிலிருந்து அது பார்வைதான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு முறை கிளப்பும் முன்பும் உரக்கக் கேட்பார். "எஞ்சின்?" "சரி." "இறக்கை?" "சரி." "உள்ளே ஆள்?" "இல்லைங்க!" முதலில் எல்லாரும் சிரித்தார்கள். "உள்ள ஒரு பூனை உக்கார எடமில்ல, இதப் போயி கேக்குறீங்களே சார்" என்று சின்னையா கேலி செய்தார். "பூனை இருந்தாலும் எறக்கிருவேன்யா. நீ பதிலச் சொல்லு" என்றார் சார்.

பீரங்கிப் பக்கத்தில் இருப்பவர்களும் மனிதர்கள்தானே என்று ஒருநாள் கேட்டேன். அவர் வெகுநேரம் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அதுக்கு எனக்கு இன்னும் வழி தெரியல ஆச்சி. இந்தப் பக்கம் ஒருத்தன எறக்கி விட்டிருக்கேன். அவ்வளவுதான்" என்றார்.

இரண்டு பார்வைகள் குளத்துக்குள் விழுந்தன. மூன்றாவது சோதனைக்கு வந்த அதிகாரி, இதுவும் தேறாவிட்டால் கொட்டகையை மூடிவிட்டுப் பழைய முறைக்கே போகலாம் என்றார். அன்று பின்னால் பறக்கவிருந்த இளம் விமானி எங்களோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "பழைய முறைன்னா நான்தான் சார் முன்னாடி போகணும். நல்லா முடுக்குங்க" என்று சிரித்தான். சார் சிரிக்கவில்லை.

பார்வை நார்த்தாமலைக் குன்றுகளை நோக்கிப் போனது. இறக்கையில் நாங்கள் ஒட்டியிருந்த தகடுகள் ரேடாருக்கு அதைப் பெரிய விமானமாகக் காட்ட வேண்டும். சோதனைக்காக எதிரி வேடத்தில் நின்ற நம் ரேடார் வண்டியிலிருந்து தொலைபேசியில் ஒரு குரல் பதறியது: "எவ்வளவு பெரிய பிளேன அனுப்பியிருக்கீங்க?" அதன் பிறகு பீரங்கிகள் முழங்கின. நான் மாதக்கணக்கில் கணக்குப் போட்ட இறக்கை வானத்தில் சிதறிச் சுள்ளிகளாக இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். சார் மட்டும் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். அதே நேரம் குன்றுகளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, பீரங்கிக்காரர்கள் யாரும் கவனிக்காமல், அந்த இளைஞனின் விமானம் எங்கள் தலைக்கு மேல் தாழ்வாகப் பறந்து போனது. "போனது பலகை. வந்தது ஆளு" என்றார் சார். அழிவதற்கென்றே ஒன்றை இத்தனை அக்கறையோடு செய்த மனிதரை அதன் பிறகு நான் பிரமிப்பு இல்லாமல் பார்த்ததே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைத் தூக்கியபோது சின்னையா என் பக்கம் திரும்பி, வாய்க்குள்ளேயே சொன்னார்: "இன்னைக்கு உள்ள ஆளு இருக்கு ஆச்சி."

அவருடைய அந்தக் கேள்விதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் படிக்கும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிறேன். உள்ளே ஆள்? அது கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.