முன்பாரமும் மூன்று விரல் கத்தியும்

எழுபதுகளின் கடைசியில், பொங்கல் முடிந்த ஒரு தை மாதக் காலையில், பெரம்பலூரிலிருந்து எறையூர்ப் பக்கம் போகும் வழியில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பெல்பாட்டம் பேன்ட், காதை மூடும் முடி, பாக்கெட்டில் ஒரு மடக்குக் கத்தி. இந்த மூன்றில் எதைப் பற்றித் தலைக்கனம் அதிகம் என்று கேட்டால், கத்தியைத்தான் சொல்வேன்.

ராணுவத்திலிருந்து லீவில் வந்த அக்கா வீட்டுக்காரர் கொடுத்தது. மூன்று விரல் நீளத்துக்குத் தகடு, பழுப்பு நிறப் பிடி. நகத்தால் நெம்பித் திறந்தால் 'டக்' என்று நிற்கும். பென்சில் சீவுவேன், கொய்யாப்பழம் நறுக்குவேன், அறுந்த செருப்பு வாருக்கு ஓட்டை போடுவேன். யாரும் கேட்காமலேயே எடுத்து நீட்டுவேன். எங்காவது பார்சல் பிரித்தால் வேறு ஒருவரைக் கை வைக்க விடமாட்டேன். வீட்டில் என்னைக் 'கத்திக்காரன்' என்றே கேலி செய்வார்கள். அதையும் பட்டம் மாதிரி வாங்கிக்கொள்வேன்.

அன்று அக்கா வீட்டுக்குப் போவதற்காக பஸ்ஸை விட்டு இறங்கி, வயல்களுக்கு நடுவே குறுக்கு வழியில் நடந்தேன். சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை நடந்துகொண்டிருந்த காலம். வண்டிப் பாதையில் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நின்றிருந்தது. வண்டிக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். அவர் மனைவி வண்டிக்குப் பின்னால் ஒரு கட்டையோடு நின்றார். மேட்டில் வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கத்தான் அந்தக் கட்டை.

"தம்பி, எறையூர் பக்கமா போறீங்க? முன்னால ஏறி உக்காந்துக்குங்க. பாரம் பின்னால தள்ளிடுச்சு. ரோட்டு மேடு ஏறுற வரைக்கும் முன்பாரத்துக்கு ஒரு ஆளு வேணும்" என்றார் வண்டிக்காரர்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பாரவண்டியில் முன்பக்கம் கனம் குறைந்தால், மேட்டில் ஏறும்போது வண்டி பின்னால் சாய்ந்து நுகத்தடி மேலே தூக்கிவிடும். மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பூட்டாங்கயிறு, மாட்டைத் தூக்கில் போட்டதுபோல் இறுக்கிவிடும். அதனால் வழியில் போகிற ஆளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தவருக்கு வேறு வேலையே கிடையாது.

"மேடு ஏறுற வரைக்கும் எறங்கிடாதீங்க தம்பி" என்று வண்டிக்காரரின் மனைவி, அந்த அக்கா, பின்னாலிருந்து இரண்டு தடவை சொன்னார். தலையை ஆட்டிவிட்டு ஏறி, கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன்.

சும்மா உட்கார்ந்திருப்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. கைக்கு எட்டிய ஒரு கரும்பை உருவி, கத்தியைத் திறந்து சீவ ஆரம்பித்தேன். கூடவே நடந்துவந்த வண்டிக்காரரிடம், "பாருங்கண்ணே, மிலிட்டரி சரக்கு" என்று பீற்றிக்கொண்டேன்.

"கரும்பு திங்க எதுக்குத் தம்பி கத்தி? பல்லு இல்லையா?" என்று சிரித்தார் அவர். ரோட்டு மேடு வந்ததும் சக்கரத்துக்குத் தோள் கொடுக்கப் போய்விட்டார்.

பாதி மேட்டில் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. கத்தி கையிலிருந்து நழுவி, சரியாகச் சக்கரம் வரும் தடத்தில் போய் விழுந்தது. இன்னும் ஒரு சுற்றில் நசுங்கிவிடும். நான் யோசிக்கவே இல்லை. குதித்துவிட்டேன்.

கத்தியை எடுத்து நிமிர்ந்தபோது நுகத்தடி என் தலைக்கு மேலே இருந்தது. வண்டி அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டது. சாய்ந்த வேகத்தில் கரும்பும் பின்பக்கம் சரிந்துவிட்டது. செவலை மாடும் மயிலை மாடும் முன்னங்கால் தரையில் பாவாமல் தொங்கின. கண்கள் பிதுங்கின. சத்தம்கூட வரவில்லை.

வண்டிக்காரர் பாய்ந்து, நுகத்தடியைத் தாங்கும் ஏர்க்காலைப் பிடித்துத் தொங்கினார். நானும் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. கரும்பு வெட்டும் அரிவாள்கள் எல்லாம் வயலில் வெட்டு ஆட்கள் கையில். "கயித்த அறு தம்பி! அறுடா!" என்று அவர் கத்தினார். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

ஊரில் எல்லாருக்கும் கத்தி நீட்டியவனுக்கு, உயிருக்கு ஒன்று என்றபோது அதைப் பிடிக்கத் தெரியவில்லை. மாட்டின் தொண்டையில் பட்டுவிடுமோ என்ற பயத்தில், முனையை முடிச்சுக்குள் குத்தி நெம்பினேன். முனை ஒடிந்து தெறித்தது. அதே வேகத்தில் தகடு மடங்கி என் ஆள்காட்டி விரலைக் கடித்தது. ரத்தம் கொட்டக் கொட்ட நின்றேன்.

பின்னாலிருந்து ஓடிவந்த அந்த அக்கா என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினார். பிடியில் இருந்த ரத்தத்தை முந்தானையில் ஒரே இழுப்பாகத் துடைத்தார். என் விரலை ஒரு பார்வை, கத்தியை ஒரு பார்வை. பிறகு நுகத்தடியை ஒட்டிக் கயிறு விறைத்து நின்ற இடத்தில், தொண்டையை விட்டு விலக்கி, மிச்சமிருந்த தகட்டை வைத்து இழுத்தார். குத்தவில்லை, நெம்பவில்லை. இழுத்தார், அவ்வளவுதான். கயிறு புரி புரியாகத் தெறித்தது. செவலை தரையில் மண்டியிட்டு விழுந்தது.

ஒன்று விடுபட்டதும் இழுவை முழுவதும் மயிலையின் கழுத்துக்கு வந்தது. அதன் நாக்கு வெளியே தள்ளியிருந்தது. அவர் நுகத்தடிக்கு அடியிலேயே புகுந்து அந்தப் பக்கம் போனார். தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. மறுபடியும் அதே நிதானமான இழுப்பு. கயிறு அறுந்தது. நுகத்தடி வானத்தைப் பார்த்து எகிற, வண்டிக்காரர் ஒருபக்கம் விழுந்தார். பத்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மயிலை எழுந்திருக்கவில்லை. அந்த அக்கா அதன் கழுத்தை மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துக்கொண்டே, "ஏ சாமி, மூச்சு வுடு, மூச்சு வுடு" என்றார். திடீரென்று அதன் விலா விரிந்தது. துருத்தி ஊதுவதுபோல ஒரு மூச்சு. என் முகத்தில் அந்தச் சூடு பட்டது. நான் அழுதுவிட்டேன்.

வண்டிக்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க கத்தி மட்டும் இல்லன்னா ரெண்டும் போயிருக்கும் தம்பி. ஒரு அருவாகூட கையில இல்ல" என்றார்.

"அருவான்னா ஓங்கணும். கழுத்துல பட்டிருக்கும். இது சின்னதா இருந்ததுதான் புண்ணியம்" என்ற அந்த அக்கா, என் பக்கம் திரும்பினார். "ஆனா இது குத்தவும் நெம்பவும் ஆவாது தம்பி. தகட்டு முதுவுல இடிச்சா மடங்கிக் கையத்தான் கடிக்கும். கூரான வாய்ப்பக்கம் அழுத்தி இழுத்தா மடங்காது."

"உங்களுக்கு எப்படிங்கக்கா தெரியும்?"

"அதான் ஒங்க விரலப் பாத்தனே."

மலைத்துப்போனேன். அத்தனை நாள் பாக்கெட்டில் வைத்துச் சுமந்தும் எனக்குத் தெரியாத ஒன்றை, உயிர் போகிற அவசரத்தில் என் காயத்தைப் பார்த்தே அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். அந்த மனுஷியின் முன்னால், எனக்குச் சேராத நன்றியை வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. "அண்ணே, கத்தி கீழ விழுந்துடுச்சு. அத எடுக்கத்தான் குதிச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

வண்டிக்காரர் என் கையை விட்டார். மாடுகளிடம் போய்விட்டார். அவர் அறைந்திருந்தால்கூடத் தேவலை.

பின்னால் வந்த வண்டிக்காரர்கள் சேர்ந்து வண்டியை நிமிர்த்தி, சரிந்த கரும்பை அடுக்கினார்கள். ஒருவர் தன் மாடுகளை அவிழ்த்துக் கொடுத்தார். மறுபடியும் முன்பாரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் மெல்ல நழுவப் பார்த்தேன்.

"அந்தத் தம்பியே ஏறட்டும்" என்றார் அந்த அக்கா. கையை நீட்டினார். "கத்திய இங்க குடுத்துட்டு உக்காருங்க."

துணி சுற்றிய விரலோடு ஏறி, இரண்டு கையாலும் கட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூச்சுகூட அளந்துதான் விட்டேன். வண்டி தார் ரோட்டில் ஏறி நின்றதும், அவர் கத்தியைத் துடைத்து, மடக்கி, என் கையில் வைத்தார். "இப்ப எறங்கலாம்" என்றார். அவர் முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது.

அந்த முனை ஒடிந்த கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. நூல் அறுக்கும், கவர் பிரிக்கும். அதற்கு மேல் அதனிடம் நான் எதுவும் கேட்பதில்லை. வீட்டிலோ ஆபீஸிலோ, நான் இங்கே சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து போனால் என்ன என்று தோன்றும்போதெல்லாம் விரலில் உள்ள தழும்பைத் தடவிப் பார்ப்பேன். மேடு ஏறுகிற வரைக்கும் இறங்கிவிடாதே என்று அந்த அக்காவின் குரல் பின்னாலிருந்து கேட்கும், நானும் அப்படியே உட்கார்ந்துவிடுவேன்.