பதினாறு நாள் முட்டை

பச்சை முட்டையின் கவிச்சியும் நல்லெண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குப் பதின்மூன்று வயதாகிவிடுகிறது. வயதுக்கு வந்த பெண்ணைத் தென்னங்கீற்றில் கட்டிய 'குச்சு'க்குள் உட்காரவைத்து, வெறும் வயிற்றில் ஒரு முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அதே ஓட்டில் அளந்த எண்ணெயையும் குடிக்கவைப்பது குச்சனூர்ப் பக்கம் எங்கள் ஊர் வழக்கம். மதியத்துக்குக் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. குமட்டும்போதெல்லாம் அத்தை முதுகைத் தடவி, "முழுங்குத்தா, இடுப்பெலும்பு இறுகணும்ல, நாளைக்குப் பிள்ள பெறப்போறவ" என்பாள்.

பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றிச் சடங்கை முடித்தார்கள். மறுநாள் காலை, பழக்க தோஷத்தில் நானே கோழியைக் கவிழ்த்து மூடிய 'பஞ்சார'க் கூடையைத் தூக்கி, கதகதப்பாகக் கிடந்த முட்டையை எடுத்துப்போய் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதை அவித்து, நூலால் இரண்டாக அறுத்து, தம்பியின் தட்டில் வைத்தாள். "ஒனக்குத்தான் குடுத்தாச்சுல்ல" என்றாள், ஏதோ ஆயுசுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டதைப் போல. பதினாறே நாளில் என் எலும்பு இறுகிவிட்டதாக்கும். அன்றிலிருந்து கோழிக்குத் தீனி போட்டது நான், முட்டை தின்றது அவன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஏழு வயதுப் பிள்ளை, வைத்ததைத் தின்றான்.

பத்தாம் வகுப்பில் பள்ளிக் கபடி அணியில் என்னைச் சேர்த்தார்கள். தேனியில் போட்டி என்றதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அரைத் தம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு ஓடிய ஓட்டத்தில் ஒருநாள் கண் இருட்டி மண்ணில் விழுந்தேன். பி.டி. டீச்சர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்து, "பிள்ளைக்கு ரத்தம் இல்லம்மா, முட்ட, கீரைன்னு குடுங்க" என்று சொல்லிப் போனார்.

அவர் தெருவைத் தாண்டும் முன்பே அப்பா முடிவு சொல்லிவிட்டார்: "ஒடம்பு பத்தாதுன்னு டீச்சரே சொல்லிட்டாக, பெறகு எதுக்குத்தா விளையாட்டு? நிப்பாட்டிரு." பஞ்சாரத்துக்கடியில் அன்றைக்கு மூன்று முட்டை கிடந்தது, நன்றாக நினைவிருக்கிறது. அதில் ஒன்றை எனக்குக் கொடுப்பதைவிட விளையாட்டை நிறுத்துவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. தேனிக்குப் போன வேனை வாசலில் நின்று பார்த்தேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இப்போது கம்பத்தில் இருக்கிறேன். பஞ்சாரமும் இல்லை, கோழியும் இல்லை, குச்சு கட்டுவாரும் இல்லை. முட்டை அட்டை அட்டையாகக் கடையிலிருந்து வருகிறது. மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்குப் பத்து. இருவர் தட்டிலும் தினம் ஒவ்வொன்று வைத்துவிடுவேன், ஒருநாள் தவறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. போன வாரம் அட்டையில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதை அவித்து, ஆளுக்குப் பாதியாக அறுக்க நூலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வேணாம்மா, தம்பிக்கே வையி" என்றாள் மகள்.

"யாருடி ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?" என்று கத்திவிட்டேன்.

மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். "யாரும் சொல்லல. நீ ஒருநாளாச்சும் முட்ட தின்னு நான் பாத்ததில்லையேம்மா."