அம்மாவின் தட்டுக்கு ஒரு முட்டை ரொட்டி

அம்மா இறந்த பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாள் அது. அன்று காலை கல்லறைக்குப் புறப்படும் முன், இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, அவர் படத்துக்கு முன்னால் ஒரு தட்டு வைத்துவிட்டு, அதையே எல்லோரும் சாப்பிடுவது ராயபுரத்தில் எங்கள் வீட்டு வழக்கம். பங்குச் சாமியார் கேள்விப்பட்டால் முகம் சுளிப்பார். அவரிடம் யார் சொல்லப்போகிறார்கள்!

அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. முட்டை ரொட்டிதான். ஞாயிறு முதல் பூசை முடிந்து வந்ததும், கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைப்பாள். முனகலாகப் பாட்டு வேறு வரும். பிடிக்காததைச் செய்கிறவள் பாடுவாளா?

எனக்குச் சமையல் சுத்தமாக வராது. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பார்க்கிறவன் நான். முட்டையை உடைத்தால் பாதி ஓடு உள்ளே விழும். இருந்தும் நானே செய்வேன் என்று அடம்பிடித்தேன். அவள் இருந்தவரை ஒரு டம்ளர் காபிகூட அவளுக்கு நான் போட்டுக் கொடுத்ததில்லை. இந்த ஒரு தட்டாவது சரியாக அமைய வேண்டும், அவ்வளவுதான்.

கொருக்குப்பேட்டையிலிருந்து வந்திருந்த அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னாடா பண்ற? ரொட்டிய முட்டையில முக்கி எடுத்துல்ல போடணும்!”

“இல்லக்கா. ரொட்டிய தனியா வாட்டிட்டு மேல முட்டைய ஊத்தும்.”

“உனுக்கு இன்னா தெரியும்? அம்மா சர்க்கரை போடும். தித்திப்பா இருக்கும்.”

“சர்க்கரையா? மொளகுக்கா! நாக்கு எரியும். எனுக்கு நல்லா ஞாபகம் கீது.”

ஒரே பாயில் உட்கார்ந்து தின்றவர்கள் நாங்கள். எப்படி இரண்டு ருசி? என் ஞாபகப்படி போட்டேன், ரொட்டி கருகிப்போனது. அக்கா சொன்னபடி போட்டேன், தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்டு கந்தல் கந்தலாக வந்தது. பிய்த்து வாயில் வைத்தால் இரண்டுமே அம்மா செய்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. “கம்முனு நில்லுக்கா, பேஜார் பண்ணாத!” என்று கத்திவிட்டேன். சரி, அம்மா எப்படித் தின்பாள் என்று யோசித்தால், அவள் தின்கிற காட்சியே மனதில் வரவில்லை. கரண்டியோடு நிற்பதுதான் வந்தது.

மாலை வாங்கப் போன அப்பா அப்போது உள்ளே வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர், அதிகம் பேசமாட்டார்.

“நைனா, நீயே சொல்லு. அம்மா எப்டி போடும்?”

“உங்க அக்காவுக்குத் தித்திப்பா, உனுக்குக் காரமா. ரெண்டுந்தான் போட்டா.” சாமந்தி மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டுத் திரும்பியவர், இரண்டிலும் தேறியதை நான் தனியாக எடுத்து வைத்திருந்த தட்டைப் பார்த்தார். “அது யாருக்கு?”

“அம்மாவுக்குத்தான்.”

“அவதான் முட்டையே துன்ன மாட்டாளேடா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“முட்டைன்னா அவளுக்கு உசுரு. நீ கைக்கொயந்தையா கீறப்போ மூச்சு வாங்கிகினு ஆஸ்பத்திரில கெடந்த. பொயைக்க மாட்டன்னுட்டாங்கோ. அன்னிக்கி மாதா கிட்ட வேண்டிக்கினு முட்டைய வுட்டவதான். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் வாயையும் கட்டிட்டா.”

‘நான் அப்பவே துன்னுட்டேன்டா’ என்று ஒவ்வொரு ஞாயிறும் அவள் சொன்னதை நான் நம்பியிருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்பதான் அம்மாவே போய்டுச்சே நைனா. இனிமே இன்னா வேண்டுதல்? துன்னட்டும், வெச்சிடலாம்.”

அப்பா தலையை ஆட்டினார். “தன் உசுரு கீற வரைக்கும்னு அவ வேண்டிக்கல. என் புள்ள உசுரோட கீற வரைக்கும்னுதான் வேண்டிக்கினா. அவன்தான் இதோ நிக்கிறானே.”

தட்டை வைப்பதா, எடுப்பதா? கையில் பிடித்தபடி நின்றேன். அம்மாவுக்குப் பிடித்ததை அவளுக்கு வைக்க முடியாமல் குறுக்கே நிற்பது நான்தான் என்றால், நான் என்ன செய்வேன்?

அப்பா தட்டை வாங்கி, என்னை உட்காரவைத்து, என் முன்னால் வைத்தார்.

“நீ துன்னு. உனுக்காகத்தான வுட்டா.”

விக்கி விக்கி அழுதுகொண்டே தின்றேன்.