மூங்கில் காலுறைக்கு இரண்டு பந்தி

மூங்கில் நாரைப் பற்றி நான் எழுதியது மொத்தம் இரண்டு பந்தி. அதில் ஒரேயொரு வாக்கியம் உண்மை: "மென்மையானது." மிச்சமெல்லாம் புளுகு.

எழுத வைத்தவன் என்னோடு படித்தவன். கொட்டாஞ்சேனையில் உடுப்புக்கடை வைத்திருக்கிறான். எங்கிருந்தோ பெட்டி பெட்டியாகக் காலுறை இறக்கியிருந்தான். ஒவ்வொரு சோடிக்குள்ளும் தமிழில் ஒரு துண்டுத்தாள் வைக்க வேண்டுமாம்.

"மச்சான், மூங்கில் நார் எண்டு போடு. கிருமி அண்டாது, நாத்தம் வராது, முழுக்க இயற்கை. உனக்குத் தெரியாத தமிழோ?"

"கிருமி அண்டாதெண்டு ஆர் சொன்னது?"

"பெட்டியில இங்கிலீசில கிடக்குது. அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. வீட்டில் மூன்று அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் மனிதன், ஒரு அட்டைப்பெட்டியின் முதுகை ஆதாரமாக ஏற்றுக்கொண்டான். "காட்டில் எந்தப் பூச்சியும் தீண்டாத மூங்கில்" என்று தொடங்கினேன். அப்போது வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குப் பெயின்ட் அடிக்க மூங்கிலில் சாரம் கட்டியிருந்தார்கள். பூச்சி அரித்த அந்த மூங்கிலிலிருந்து மஞ்சள் மாவு என் பல்கனி மேசையில் கொட்டிக்கொண்டே இருந்தது. அதைத் தாளிலிருந்து ஊதித் தள்ளிவிட்டுத்தான் அடுத்த வரியை எழுதினேன்: "கிருமியைக் கொல்லும்."

கூலியாக ஆறு சோடி கிடைத்தது. அதில் மூன்றைக் கீழ்மாடி அண்ணைக்குக் கொடுத்தேன். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சலரோகக்காரர், இரத்தத்தில் சீனி கூடியவர், கால் பெருவிரலில் ஆறாத புண். தாளில் இருப்பது என் எழுத்து என்று சொல்லவில்லை. அடக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழிந்து அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், என்னைப் படிக்கட்டில் மறித்தார்.

"தம்பி, நீர் தந்த சொக்ஸை மனுசன் கழட்டுறாரில்லை. கிளினிக்குக்கும் போறாரில்லை. மூங்கில் கிருமியைக் கொல்லுமாம். தாளில போட்டிருக்குதாம். நான் வாய் திறந்தா, 'அச்சில வந்ததை விட நீ பெரிய ஆளோ' எண்டு கேக்கிறார். புண் மணக்குது தம்பி. விரலை எடுக்கவேண்டி வந்தா நான் என்ன செய்ய?"

ஏறிப் போய், எழுத முன்னர் வாசித்திருக்க வேண்டியதை அன்றுதான் வாசித்தேன். மூங்கிலைச் சிதைத்துக் கூழாக்கி, காரத்தில் ஊறவைத்து, நெடியடிக்கும் இன்னொரு இரசாயனத்தில் கரைத்து, பாகாக்கி, இடியப்ப உரலைப் போலப் பொடித் துளைகளால் அமிலத் தொட்டிக்குள் பிழிகிறார்கள். நூலாக வருகிறது. தைல மரத்தைப் போட்டுப் பிழிந்தாலும் இதே நூல்தான் வரும். மெதுமையாக இருக்கும், வியர்வையை உறிஞ்சும், நனைந்தால் பலம் குறையும். மூங்கிலில் கிருமியை எதிர்க்கும் குணம் ஏதும் இருந்திருந்தாலும், அந்தக் குளிப்புகளைத் தாண்டி அது காலுறை வரை வந்து சேருவதில்லை. இரசாயனம் இல்லாமல், அடித்து ஊறவைத்து உரித்தெடுக்கும் அசல் நாரும் உண்டு. அது சணல் மாதிரிச் சொரசொரப்பு. பிசினோடு சேர்த்து அழுத்திப் பலகையாக்குவார்கள், கார்களின் கதவு உட்புறத்துக்கு வைப்பார்கள். அதை யாரும் காலில் போட மாட்டார்கள். இத்தனையும் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது.

கீழே இறங்கிப் போனேன். அண்ணை மர வாங்கில் காலை நீட்டியிருந்தார், காலுறையோடு.

"அண்ணை, அந்தத் தாளில இருக்கிறது பொய். கழட்டிப்போட்டு கிளினிக்குக்கு வாங்கோ."

"உமக்கெப்படித் தெரியும்?"

"எழுதினது நான்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். முத்திரை ஒட்டாத கடிதத்தைப் பார்க்கும் பார்வை.

"அண்டைக்கு எழுதினது பொய் எண்டா, இண்டைக்குச் சொல்றது மெய்யெண்டு நான் என்னெண்டு நம்ப? வாயால சொல்லாதையும். எழுதித் தாரும்."

அக்கா ஒரு கொப்பித்தாளைக் கிழித்து என் முன்னால் போட்டார். "எழுதும். ரெண்டு பந்தி தேவையில்லை."

எழுதினேன். "மேற்படி காலுறை கிருமி எதையும் கொல்லாது. கொல்லும் என்று எழுதியவன் அதைப் பற்றி ஒன்றும் அறியாதவன்." என் வாழ்நாளிலேயே இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை. அவர் இரண்டு தரம் வாசித்தார். திகதி போடச் சொன்னார், கையொப்பம் கேட்டார். பிறகுதான் குனிந்து காலுறையை உருவினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை. அது என் படைப்பு, பார்க்கத்தானே வேண்டும்.

ஓட்டோ பிடித்துக் கூட்டிப் போனேன். இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்று டொக்டர் சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து மருந்து கட்ட வேண்டும். கூட்டிப் போவது நான் என்று அக்கா அங்கேயே தீர்மானித்தார். யாரும் என் சம்மதத்தைக் கேட்கவில்லை.

விரல் மெல்ல ஆறுகிறது. கிளினிக் வரிசையில் பக்கத்தில் யார் வந்து இருந்தாலும் அண்ணை என்னை அறிமுகம் செய்கிறார்.

"இவர் எழுத்தாளர். சொக்ஸுக்குப் பொய் எழுதினவர்."

"அப்படியோ," என்று அவர்கள் சற்றுத் தள்ளி இருக்கிறார்கள்.