கரிக்கு வயிறு நிறைந்த நாள்

ஒரகடம் பக்கத்து மாத்திரைக் கம்பெனியின் கழிவுநீரைச் சுத்தம் செய்ததே நான்தான். பொய். சுத்தம் செய்தது கொட்டாங்குச்சிக் கரி. மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டியது மட்டும் நான். கொட்டிக் கொட்டி நானும் கறுத்துப்போனேன். அதற்கு முன்பு சிவப்பாக இருந்தேன் என்றும் சொல்ல முடியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மாத்திரை கரைந்த தண்ணீர் அந்தக் கரி வழியாக இறங்கும். மருந்தைக் கரி பிடித்துக்கொள்ளும். வயிறு நிறைந்துவிட்டால் பிடிக்காது, மாற்ற வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தண்ணீர் வெளியேறும் வாய்க்கால் எங்கள் ஊர் வடக்குப்பட்டில், எங்கள் கிணற்றை ஒட்டித்தான் ஓடியது.

ஒருநாள் என் மனைவி சோற்றைத் தட்டில் போட்டாள்.

"துன்னு. இனிமே உனக்குக் காய்ச்சலே வராது. சோத்துலயே மாத்திர கீது."

கசந்தது. அவள் கைப்பக்குவம் என்று நினைத்துப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீரைக் குடித்தேன். அதுவும் அதே கசப்பு.

மறுநாள் சூப்பர்வைசரிடம் கரியை மாற்றச் சொன்னேன். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கருப்பாத்தானேய்யா கீது? வெளுக்கட்டும், மாத்தலாம்."

"நானுந்தான் பொறந்ததுலேர்ந்து கருப்பா கீறேன் சார். அதுக்குன்னு ஒழுங்கா வேல செய்றேன்னு அர்த்தமா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"வால்வத் தொற."

"கரிக்கு வயிறு ரொம்பிடுச்சு சார். இப்பத் தொறந்தா மிச்சத்த எம் பொண்டாட்டிதான் துன்னணும்."

"வேல வேணுமா, வேணாவா?"

"வேணும் சார். தண்ணியும் வேணும்."

வால்வுச் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கழிவுநீர் போக வழியில்லாமல் மேல்தொட்டி நிரம்பியது. மாத்திரை செய்யும் லைனையே நிறுத்தினார்கள். அப்போதும் நான் இறங்கவில்லை. பாதி வீரம், பாதி கால் மரத்துப்போனது. சாயங்காலம் லாரியில் புதுக்கரி வந்து இறங்கியது. அதைக் கொட்டிய பிறகுதான் வால்வைத் திறந்தேன்.

வேலை போனதா என்றுதானே கேட்கிறீர்கள்? மறுநாள் காலை கேட்டிலேயே சூப்பர்வைசர் என்னை மறித்தார். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் தோளில் கையைப் போட்டு—

"யோவ்! அங்க இன்னா கத வுட்டுக்கினு கீற? தண்ணி சேந்தி வெச்சிக்கீறேன், வந்து வாய் வெச்சுப் பாரு. நீ குடிச்சாத்தான் நான் ஒல வெப்பேன்."

உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிடுகிறாள்; அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். போகிறேன். இவளிடம் வால்வு மேல் ஏறி உட்கார முடியாது.